மீன்பெட்டியில் ஏறி நின்றவள்

அக்னெஸ் அக்கா அனுப்பிய பொதி ஜனவரி இரண்டாவது கிழமை வந்து சேர்ந்தது. வசந்தினி அதை உடனே உடைக்கவில்லை. சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினாள். அழுக்கானவை முடிந்ததும் அலுமாரியில் இருந்த சுத்தமானவற்றையும் எடுத்துக் கழுவினாள். பொதிக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். கனடாவில் அவள் இருந்த கார்ட்டியர்வில் பகுதியின் பாதித் தமிழருக்கும் தெரியும், ஏனென்றால் கீழ்வீட்டுக் குணேஸ்வரிக்குத் தெரியும்.

நோர்வேத் தொலைக்காட்சி எடுத்த குற்றத் தொடர் அது. ஆறு பகுதி, மூன்று டிவிடி. பதின்மூன்று வருடத்துக்கு முன், 1994இல், நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன்பிடி ஊரில் உண்மையாகவே நடந்த கொலை. மீன் ஆலைக் கந்தோரில் எழுத்து வேலை செய்த மாரித் என்ற பெண் ஒருநாள் காணாமல் போனாள். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆலையின் மேற்பார்வையாளனைப் பிடித்து உள்ளே போட்டது ஒரே ஒரு சாட்சியை நம்பித்தான். அந்தச் சாட்சி அதே ஆலையில் மீன் வெட்டிய ஒரு தமிழ்ப்பெண். பெயர் அக்னெஸ், ஊர் மட்டக்களப்பு, வசந்தினியின் கூடப்பிறந்த அக்கா.

இந்தச் செய்தியைக் குணேஸ்வரி கோயிலில் சொன்னாள், மளிகைக் கடையில் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளுக்கும் சொன்னாள். சைவக்காரி சொன்னது எப்படியோ தமிழ்ப் பூசை வைக்கிற ஃபாதரின் காதுவரை போய், அவர் பிரசங்கத்திலேயே "நம் சகோதரி வசந்தினியின் தமக்கையாரின் துணிவு" என்று இரண்டு வரி சேர்த்துக்கொண்டார். எல்லோரும் திரும்பி வசந்தினியைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். அன்று முழுக்கச் சிரித்ததில் தாடை நொந்துபோயிற்று.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடி மினக்கெடத் தேவையில்லை. அக்கா நெட்டை, அவள் கட்டை. அக்காவுக்குப் புதுநன்மைச் சட்டை புதிதாய்த் தைத்தார்கள், அதையே வெட்டிச் சுருக்கி இவளுக்குப் போட்டார்கள். அந்தச் சட்டைக் கதையையெல்லாம் அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். இது வேறு. அக்கா சாட்சி சொன்னதை அன்றைக்கு ஆலை யன்னலில் நின்று பார்த்தவள் அக்னெஸ் இல்லை. வசந்தினி.

இதை அவள் புருஷன் சஞ்சீவனுக்குக்கூடச் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். அக்னெஸ் நோர்வேக்கு முதலே போய் வேலை அனுமதி எடுத்துவிட்டாள். பின்னால் போன வசந்தினியின் அகதி மனு தள்ளுபடியாகிவிட்டது. கனடாவில் சஞ்சீவனுக்குப் பேசி முடித்து, விசா வரும்வரை காத்திருந்த மாதங்கள். சும்மா இருந்தால் வயிறு நிரம்புமா? அக்னெஸுக்கு வயோதிபர் இல்லம் ஒன்றில் இன்னொரு வேலை கிடைத்தது. அவள் அங்கே போக, அவளுடைய அட்டையை எடுத்துக்கொண்டு வசந்தினி ஆலைக்குப் போனாள். தலைவலை, முகமூடி, முழங்கைவரை கையுறை, முப்பத்தொன்று என்று இலக்கம் போட்ட ரப்பர் ஏப்ரன். கண் மட்டும்தான் வெளியே தெரியும். நெட்டைச்சி போன இடத்துக்குக் கட்டைச்சி வந்து நிற்கிறாளே என்று அந்த ஆலையில் ஒரு மனுசனுக்கும் தோன்றவில்லை. கறுத்த பெண்களில் ஒன்று, அவ்வளவுதான் அவர்களுக்கு.

அந்த ஊரில் ஜனவரியில் பகல் பதினொரு மணிக்கும் இருட்டு. மீன் வெட்டுகிற அறையின் யன்னல் உயரத்தில் இருந்தது. கோப்பி இடைவேளையில் மற்றவர்கள் போய்விட, வெளியே பனி கொட்டுகிறதா என்று பார்க்க வசந்தினி ஒரு வெறும் மீன்பெட்டியைக் கவிழ்த்து ஏறி நின்றாள். துறைமுக விளக்கின் கீழே மேற்பார்வையாளன் தன் வான் வண்டியின் பின்பக்கத்தைச் சுடுதண்ணீர்க் குழாயால் கழுவிக்கொண்டிருந்தான். ஆவி பறந்தது. நிலத்திலிருந்து ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறையை எடுத்துப் பிழிந்து தன் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு நிமிர்ந்து யன்னலைப் பார்த்தான். கையைத் தூக்கி வணக்கம் சொல்வதுபோல் ஒருதரம் ஆட்டினான்.

அன்று வீட்டுக்கு வந்து அதை அக்காவுக்கு ஒரு வேடிக்கைப் புதினமாகத்தான் சொன்னாள். இரண்டு நாளில் மாரித்தைக் காணவில்லை என்றார்கள். சிவப்புக் கையுறை அவளுடையது. அக்னெஸ் அன்றே அட்டையைத் திருப்பி வாங்கினாள். "நாளையிலயிருந்து நான் போறன். நீ வீட்டை விட்டு வெளிக்கிடாத" என்றாள். பொலிஸ் வந்து அன்றைய காலை வேலைக்கு நின்றவர்களைத் தேடியபோது, அட்டையில் எந்தப் பெயரோ அவர்தானே நின்றவர்? அதற்கு முதல்நாள் அக்கா அவளைக் குசினிக்குள் நிற்க வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எந்தக் கையால எடுத்தவன்? வலக்கையா, இடக்கையா? எந்தப் பைக்குள்ள வச்சவன்? சின்ன வயதில் ஞானோபதேசம் பாடமாக்கியதுபோல் அக்கா அதைப் பாடமாக்கினாள். "நீ பார்த்ததெண்டு தெரிஞ்சா உன்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்க. என்னையும் உள்ள வைப்பாங்க. அவன் தப்பிப் போயிருவான். செத்தாலும் வாய் திறக்காத, புள்ள." பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தாயிற்று. மார்ச் மாதம் விசா வந்தது. வசந்தினி விமானம் ஏறினாள். வழக்கு அந்த வருடம் ஒக்டோபரில் நடந்தது.

சத்தியம் செய்தபோது இப்படி ஒரு தொடர் வரும் என்று பைபிளுக்கும் தெரியாது.

வட அமெரிக்காவில் விற்கிற பெட்டியில் ஐரோப்பிய டிவிடி ஓடாது. சஞ்சீவன் அதற்கென்று தமிழ்க் கடைக்குப் போய், எந்த நாட்டுத் தட்டையும் விழுங்குகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். மச்சாளின் பெருமைக்கு இந்தச் செலவுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றான். சனிக்கிழமை பின்னேரம் குணேஸ்வரியும் அவள் கணவர் உருத்திரமூர்த்தியும் கடலை வடையோடு மேலே வந்தார்கள். உருத்திரமூர்த்தி டாக்ஸி ஓட்டுகிறவர். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். திரையில் மூன்று சொல் வந்தால் அவர் வாயில் முப்பது வந்தது.

தொடரோ வாய் திறக்க மாட்டேன் என்றது. கடல். பனி. ஒரு பொலிஸ்காரி காரை நிறுத்துகிறாள். காருக்குள்ளேயே இருக்கிறாள். இன்னும் இருக்கிறாள்.

"இவவுக்கு என்ன, கார் கதவு இறுகிப் போச்சோ?" என்றாள் குணேஸ்வரி.

"யோசிக்கிறா" என்றார் உருத்திரமூர்த்தி.

"எங்கட ஆக்கள் எண்டா இதுக்குள்ள ரெண்டு பாட்டு முடிஞ்சிருக்கும்."

கொலை காட்டவில்லை. இரத்தம் காட்டவில்லை. பெண்ணின் தாய் மேசையில் ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சஞ்சீவன் இருபது நிமிடத்தில் நித்திரை. வசந்தினி மட்டும் சோபா நுனிக்கு வந்திருந்தாள். அந்த மேசைகள், அந்த நீலப் பெட்டிகள், தரையில் ஓடுகிற தண்ணீர். அவளுடைய மூக்கில் பழைய மீன் வாடை ஏறியது.

தமிழ்ப்பெண் முதல் பகுதியின் கடைசியில் வந்தாள். நோர்வேயில் பிறந்து வளர்ந்த தாரா என்ற நடிகை. முகமூடிக்கு மேலே பெரிய கண்கள். ஏப்ரனில் முப்பத்தொன்று. கோப்பி இடைவேளை. எல்லோரும் போகிறார்கள். அவள் யன்னலைப் பார்க்கிறாள். ஒரு மீன்பெட்டியைக் காலால் தள்ளிக் கவிழ்த்து, அதில் ஏறி நிற்கிறாள்.

வசந்தினியின் கையில் இருந்த வடை நொறுங்கிவிட்டது. பெட்டியையுமா! யன்னலைக் கொடுத்தாள், கையுறையைக் கொடுத்தாள், சரி, அதெல்லாம் சட்டத்துக்கு வேண்டியது. அந்தப் பெட்டி யாருக்கு வேண்டும்? அக்கா அந்தப் பெட்டியில் ஏறியதே இல்லை. நிலத்தில் நின்றாலே அக்காவுக்கு யன்னல் நெஞ்சுக்கு வரும். தங்கச்சியின் கட்டைக் காலைக்கூட மிச்சம் வைக்காமல் எடுத்துத் தன் கதையில் ஒட்டிவிட்டாளே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சஞ்சீவன் அந்த நேரம் பார்த்துத்தான் கண் விழித்தான். "உன்ர அக்கா நல்ல நெட்டையெல்லோ? என்னத்துக்குப் பெட்டியில ஏறுறா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் வசந்தினி. அவன் திரும்பப் படுத்துவிட்டான். பதின்மூன்று வருடத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே நல்ல கேள்வி. அதற்கும் அவள் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு ஒரு பேரும் வைக்கேல்லையே?" என்று குணேஸ்வரி கேட்டாள். "முப்பத்தொண்டு, முப்பத்தொண்டு எண்டு மாட்டுக்குக் குறி சுட்ட மாதிரி."

"அதுதான் அவையின்ர ஸ்டைல்" என்றார் உருத்திரமூர்த்தி. அவருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டாவது தட்டைப் பார்த்தார்கள். அதில் ஒன்பது நாள் வந்தது. பொலிஸ் வரும்வரை முப்பத்தொன்று தினமும் வேலைக்குப் போகிற ஒன்பது நாள். மேற்பார்வையாளன் ஒன்றும் சொல்ல மாட்டான். அவளுக்குப் பின்னால் வந்து நிற்பான். அவள் மீனை வெட்டுவாள். அவன் நிற்பான். ஒருநாள் அவளுடைய கத்தியை எடுத்துக் கூர் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பான். உருத்திரமூர்த்திகூட அந்த இடத்தில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"உங்கட அக்கா உண்மையிலேயே தெய்வம்" என்றாள் குணேஸ்வரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த ஒன்பது நாளைப் பற்றி அக்கா ஒரு சொல் சொன்னதில்லை. அந்த நாட்களில் வசந்தினி அறைக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அது இப்போது நினைவு வந்தது. ஒரு நிமிடம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பொறாமை வந்தவளுக்கு வெட்கம் கனநேரம் தங்காது. அவன் பார்த்தது என் கண்ணை, நின்றிருக்க வேண்டியது என் முதுகுக்குப் பின்னால், அந்தப் பயம்கூட எனக்கு வரவேண்டியது, அதையும் அவளே எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தாள். இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துகொண்டேதான் நினைத்தாள்.

அன்று மத்தியானம் அக்னெஸ் தொலைபேசி எடுத்தாள்.

"என்ன கா, பார்த்திட்டியா?" மட்டக்களப்புப் பேச்சின் 'கா' அக்காவை இன்னும் விடவில்லை.

"ரெண்டு தட்டுப் பார்த்தம்."

"அந்தத் தாரா புள்ள என்னோட நாலு நாள் வந்து நிண்டது. மீன் வெட்டப் பழக்கினன். ஒரு வார்த்தை தமிழ் வராது, ஆனா நல்ல புள்ள. என்ர வாயையே பார்த்துக்கொண்டிரிக்கும்."

"ஓ."

"முதல் நாள் காட்டேக்க எங்களையெல்லாம் கூப்பிட்டு முன் வரிசையில இருத்தினவங்க. எழும்பி நிண்டு கை தட்டினாங்க, வசந்தி. எனக்கு என்ன செய்யிறெண்டு தெரியேல்ல."

வசந்தினிக்கு என்ன செய்வதென்று நன்றாகத் தெரிந்தது. ரிசீவரை அடித்து வைக்க வேண்டும்போல் இருந்தது. "பெட்டியையும் சொல்லியிரிக்கிறாய்" என்று மட்டும் சொன்னாள்.

"மூண்டாவதையும் பார் புள்ள. பார்த்திட்டுக் கதைப்பம்."

மூன்றாவதை அடுத்த சனிக்கிழமைதான் பார்க்க முடியும். உருத்திரமூர்த்திக்கு வாரநாளில் ஓய்வில்லை, அவர் இல்லாமல் பார்க்கக் குணேஸ்வரி விட மாட்டாள். வசந்தினி சனிக்கிழமைவரை பொறுக்கவில்லை.

அவள் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், சமைக்கிற வேலையில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை, ஐம்பது பிள்ளைகளும் சூப் குடித்துவிட்டு வரிசையாகப் படுத்தபின், குசினி மேசையில் இருந்து கடிதம் எழுதினாள். டிவிடிப் பெட்டியின் முதுகில் இருந்த தொலைக்காட்சி நிலைய விலாசத்தை முதலே ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தாள். தெரிந்த ஆங்கிலத்தில், இடையிடையே நினைவிருந்த நோர்வீஜியச் சொற்களோடு, ஒரு பக்கம். உங்கள் தொடர் பார்த்தேன். அந்த யன்னலில் நின்று பார்த்தவள் நான். முப்பத்தொன்று நான் போட்டிருந்தேன். என் உயரம் ஐந்தடிக்கும் குறைவு, அதனால்தான் பெட்டி. அவன் வலக்கையால் கையுறையை எடுத்து இடப்பக்கப் பையில் வைத்தான். என்னைப் பார்த்துக் கை அசைத்தான். உங்களுக்குக் கதை சொன்னவள் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என் பெயர் வசந்தினி.

அக்காவின் பெயரை எழுத வேண்டிய இடம் வந்தபோது கை ஓடவில்லை. விட்டுவிட்டாள். பெயர் எழுதாவிட்டால் அக்காவுக்கு ஒன்றும் வராது என்று தனக்குத்தானே சொன்னாள். அது உண்மையில்லை. அக்கா பார்க்கவில்லை என்று தெரிந்தால் வழக்கைத் திரும்பத் திறப்பார்கள், பொய்ச் சாட்சிக்கு அக்காவைப் பிடிப்பார்கள், இன்னும் உள்ளே இருக்கிற அவன் வெளியே வருவான். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் முத்திரை ஒட்டினாள். யாராவது ஒரே ஒருவர், உலகத்தின் எந்த மூலையிலாவது, ஆ, நீதானா அது என்று சொல்ல வேண்டும். அது போதும். வேலை முடிந்து வரும்போது பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியில் போட்டாள். பெட்டியின் வாய் உறைந்து இறுகிக் கிடந்தது. இரண்டு தரம் இழுத்துத்தான் திறந்தாள்.

சனிக்கிழமை மூன்றாவது தட்டு. வழக்கு மன்றம். உருத்திரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார், வழக்கு என்றால் அவருக்கு உசார். முப்பத்தொன்று முதல் தடவையாகத் தலைவலையும் முகமூடியும் இல்லாமல் வந்தாள். ஒரு கடும்நீலச் சட்டை. கை இரண்டையும் மடியில் வைத்து இருந்தாள். நீதிபதி ஏதோ கேட்டார்.

"முழுப் பேரைச் சொல்லட்டாம்" என்றார் உருத்திரமூர்த்தி.

வழக்கம்போல் தொடர் வாயை மூடிக்கொண்டது. கைகளைக் காட்டினார்கள். யன்னலில் பனி. அக்கா, சொல்லு பார்ப்போம், உன் பெயரை நீட்டி முழக்கிச் சொல்லு என்று வசந்தினி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தாரா நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தாள். "வசந்தினி" என்றாள்.

உருத்திரமூர்த்திக்கு மொழிபெயர்க்க வேலை இருக்கவில்லை.

"ஐயோ! உங்கட பேரெல்லோ!" குணேஸ்வரி சோபாவில் இருந்து எழும்பிவிட்டாள். சஞ்சீவன் கைகொட்டிச் சிரித்தான். "பார்த்தியே, மச்சாள் உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கிறா! பாசம் எண்டா அதுதான் பாசம்!"

வசந்தினிக்கு அதற்குப் பிறகு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. திரையில் அவனுடைய வக்கீல் மெல்லிய சிரிப்போடு, எல்லா நோர்வேக்காரரும் உங்களுக்கு ஒரே மாதிரித் தெரியவில்லையா அம்மா என்று கேட்டான். மன்றத்தில் சிலர் சிரித்தார்கள். வலக்கையால் எடுத்தான், இடப்பக்கப் பையில் வைத்தான் என்று அவள் சொன்னாள். திரும்பக் கேட்டார்கள், திரும்பச் சொன்னாள். இரண்டு நாள் நிற்க வைத்துக் கேட்டார்கள். வெளியே வந்தபோது ஒருத்தி அவள் காலடியில் துப்பினாள். அவளை ஒவ்வொரு முறையும் வசந்தினி, வசந்தினி என்றே கூப்பிட்டார்கள். இங்கே சோபாவில் இருந்தவளுக்கு ஒரே நினைவு. செவ்வாய் போட்ட கடிதம் இப்போது எங்கே போயிருக்கும்?

ஞாயிறு விடிந்ததும் அக்காவுக்கு எடுத்தாள்.

"என்ர பேரை ஏன் குடுத்தனி?"

"உண்மைப் பேர் போடக்கூடாதாம், சட்டமாம். என்ன பேர் வைக்கட்டும் எண்டு கேட்டவங்க. வேற யார்ர பேரைக் குடுக்க? நீதானே பார்த்தது. நான் வாயால சொன்னன், அவ்வளவுதான்."

"முதலே சொல்லியிரிக்கலாமே அக்கா!"

"சொன்னா என்ன ருசி கா? அதுதான் மூண்டாவதையும் பார் எண்டன். பெட்டியையும் நான்தான் வைக்கச் சொன்னன். அவங்க வேண்டாமெண்டவங்க, நான் விடேல்ல. நீ நிண்ட மாதிரித்தான் நிக்க வேணும் எண்டன்."

வசந்தினி அழுதாள். அக்கா கடிதம் போட்டிட்டன் என்று சொல்ல நாலு தரம் வாயெடுத்தாள். கடைசியில் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்தாள். அவ்வளவுதான் அவளுடைய துணிவு.

அதற்குப் பிறகு ஆறு கிழமை அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தொலைபேசி அடித்தால் உப்புக்குப் பதில் சீனியைச் சூப்பில் போட்டாள். அக்கா எடுக்காவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தாள், எடுத்தால் அதைச் சொல்லத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தாள். தபால் பெட்டிக்கு முன்னால் போகாமல் ஒரு தரிப்பு தள்ளி இறங்கிப் பனியில் நடந்தாள்.

மார்ச் நடுவில் நோர்வே முத்திரையோடு ஒரு தடித்த உறை வந்தது. அவள் வேலையால் வரமுன் சஞ்சீவன் அதைத் திறந்துவிட்டான்.

"நீ இவங்களுக்குக் கடிதம் எழுதினனியா? கள்ளி, சொல்லவே இல்லை!" அவன் முகம் நிறையச் சிரிப்பு. "நிண்டுகொண்டே கேள், வாசிக்கிறன்."

அன்புள்ள வசந்தினி, எங்கள் வசந்தினி உங்கள் மனதை இவ்வளவு தொட்டதில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி. அதே பெயர் உங்களுக்கும் இருப்பதால் அது நீங்களே என்று உணர்ந்திருக்கிறீர்கள். பல நேயர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். நல்ல நாடகத்துக்கு அதைவிடப் பாராட்டு வேறில்லை. தொடர் உண்மை வழக்கை ஒட்டியது என்றாலும் வசந்தினி என்ற பெயரும் மீன்பெட்டி போன்ற சில விபரங்களும் எங்கள் எழுத்தாளரின் கற்பனை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். உங்களுக்காக ஒரு சிறு பரிசு.

பரிசு தாராவின் படம். தலைவலை, முகமூடியைக் கீழே இறக்கிவிட்ட முகம், முப்பத்தொன்று. கீழே அவளுடைய கையெழுத்தில் இரண்டு வரி. வசந்தினிக்கு, வசந்தினியிடமிருந்து.

முதலில் வந்தது நிம்மதி. கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா தப்பினாள், அவன் வெளியே வர மாட்டான், மாதாவே நன்றி என்று நெஞ்சில் சிலுவை போட்டாள். நிம்மதி ஒரு தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம் இருந்தது. பிறகு மற்றது வந்தது. இனி அவள் யாருக்குப் போய் என்ன சொன்னாலும், வலக்கை என்றாலும், பெட்டி என்றாலும், எல்லாம் அந்தத் தட்டில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்பார்கள். பார்த்தது முழுவதையும் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவளேதான். மிச்சமிருந்தது பெயர் ஒன்று. அதையும் அக்கா அன்பாக எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்பாகத்தான் கொடுத்தாளா? பதின்மூன்று வருடம் ஒரு ரகசியத்தைக் கட்டிக்காத்தவள், தங்கச்சியின் குணம் தெரிந்தவள், ஒருநாள் இவள் வாய் திறப்பாள் என்று நினைக்காமலா இருந்திருப்பாள்? வசந்தினி அதைப் பல நாள் யோசித்தாள். அன்பும் கெட்டித்தனமும் அக்காவிடம் எப்போதும் ஒரே கையால்தான் வந்தன. அந்தக் கெட்டித்தனத்தின் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

சஞ்சீவன் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டான். வாசலுக்கு நேரே, திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டினான். அதைத் தூசு துடைப்பது வசந்தினியின் வேலை. சுவர்ப் படம் அவளுக்குக் கொஞ்சம் உயரம். ஒரு சின்ன முக்காலியில் ஏறி நின்றுதான் துடைப்பாள்.

ஈஸ்டர் முடிந்த கிழமை குணேஸ்வரி ரொறன்ரோவில் இருந்து வந்த தன் மச்சாளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். றோசா என்று பெயர், பேச்சில் மரியாதை தெரிந்த பெண். கோட்டைக் கழற்றுவதற்குள் குணேஸ்வரி அவளைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

"நான் சொன்னனானெல்லோ, அந்த நோர்வேக் கேஸ்? இதுதான் அந்த வசந்தினி. ஒன்பது நாள், மச்சாள், ஒன்பது நாள் அவனுக்கு முன்னால நிண்டு மீன் வெட்டினவ!"

றோசா படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "கண்ணைப் பாருங்கோ. பார்த்தவளின்ர கண்தான்" என்றாள். உண்மையாகவே உருகிப்போய்ச் சொன்னாள்.

வசந்தினி குசினியில் இருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். சஞ்சீவன் அவளைக் காட்டி, "இவ என்ர மனுசி, வசந்தினி" என்றான்.

றோசா படத்தையும் பார்த்து அவளையும் பார்த்தாள். "அட, உங்களுக்கும் அதே பேரோ?"

"ஓம்" என்று சொல்லி வசந்தினி தட்டை நீட்டினாள். "எனக்கும் அதே பேர்தான்."